பின்னால் கட்டிய கைகள்

எங்கள் வீட்டு மாடியில் சில வருஷம் குடியிருந்த அந்த அக்கா, எந்த இயந்திரத்தின் பக்கத்தில் வந்தாலும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். கம்ப்யூட்டர், கிரைண்டர், தண்ணீர் மோட்டார், எதுவானாலும் சரி. வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கும். தலை மட்டும் சற்று முன்னால் வரும். கண்காட்சிக்குப் போன பிள்ளைகளிடம் 'எதையும் தொடக் கூடாது' என்று டீச்சர் சொல்லி அனுப்பியதைப் போல ஒரு நிற்பு. அப்படி நின்றபடி, கெட்டுப்போன எதைப் பார்த்தும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"எங்க வரைக்கும் போகுது?"

நான் இதற்கு நேர் எதிர். நெட் போய்விட்டது என்று தெரிந்த மறுகணம் என் கை ஏதாவது ஒரு வயரைப் பிடுங்கியிருக்கும். எந்த வயர் என்ற தகவல் மூளைக்குப் பிறகுதான் வந்து சேரும். ஒருமுறை மோடம் என்று நினைத்து ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு, ரீஸ்டார்ட் ஆகட்டும் என்று கைகட்டிக் காத்திருந்தேன். ஃப்ரிட்ஜ் மிக நன்றாக ரீஸ்டார்ட் ஆனது. என் மனைவி இதற்கு வைத்திருக்கிற பெயர் வெப்ராளம். பதற்றம் என்ற எழுத்துச் சொல் இதற்குப் போதாது. பதற்றம் வந்தவனுக்கு வியர்க்கும், அவ்வளவுதான். வெப்ராளம் வந்தவன் வியர்த்துக்கொண்டே ஏதாவது செய்துவிடுவான்.

எங்கள் வீடு இராஜாக்கமங்கலம் போகிற வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவில் பள்ளமாகக் கிடக்கிற ஓர் இடம். செல்போனுக்கு டவர் வேண்டுமென்றால் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிமேல் ஏற வேண்டும். ஏறினால் ஒரு கோடு கிடைக்கும். இறங்கினால் அதுவும் போய்விடும். ஆகவே தெருவிலிருந்து கண்ணாடி இழைக் கேபிள் ஒன்று தொங்கி வந்து எங்கள் முன்னறை மோடத்தில் நுழைகிறதே, ஒரு பழைய லேண்ட்லைனை விட்டால் அதுதான் எங்களுக்கு உலகத்தோடு இருந்த ஒரே கொடுக்கல் வாங்கல். என் பிழைப்பும் அதில்தான். கல்யாணப் பத்திரிகை, புதுமனைப் புகுவிழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் வீட்டில் இருந்தே வடிவமைத்து நாகர்கோவில் அச்சகங்களுக்கு அனுப்புவேன். மனிதர்களின் நல்லது கெட்டது இரண்டிலும் எனக்கு ஒரு பங்கு உண்டு.

கம்ப்யூட்டர் பழசு. அது மூச்சு வாங்க ஆரம்பித்தபோது என் அக்காள் மகன் ஒருநாள் உட்கார்ந்து அதில் லினக்ஸைப் போட்டான். "இதுல வைரஸே வராது மாமா" என்று சொல்லிவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறினான். அவன் சொன்னது பொய்யில்லை. வைரஸ் வரவில்லை. பல நாள் நெட்டும் வரவில்லை.

அக்கா குடிவந்த புதிதில் தண்ணீர்த்தொட்டி பற்றி ஏதோ கேட்கக் கீழே வந்தார். நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். என்னைச் சுற்றிலும் பிடுங்கிய வயர்கள். வாசலில் நின்றவருக்கு என் பாதங்கள் மட்டும் தெரிந்திருக்கும்.

"என்ன தம்பி, எலியா?"

"எலி இல்ல அக்கா. நெட்டு போச்சுது."

"எங்க வரைக்கும் போகுது?"

எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் பதினாறாம் நாள் காரியம் வைத்திருக்கிற ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலி என் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது. அச்சகத்துக்காரர் அரை மணிக்கொரு தரம் வீட்டு லேண்ட்லைனில் அழைத்துத் திட்டுகிறார்.

"போச்சுதுன்னு சொல்லுகேன், எங்க வரைக்கும் போகுதுன்னு கேக்கியளே. செத்தவரு காத்திருக்காரு அக்கா!"

"அவருக்கு என்ன அவசரம்? அவசரம் உனக்கல்லா." உள்ளே வந்தார். கைகள் அதற்குள் பின்னால் போயிருந்தன. "முதல்ல பிடுங்கினதை எல்லாம் பிடுங்குன எடத்துல வை. பின்னே நான் சொல்லுகதை மட்டும் அடி."

வயர்களை மாட்டினேன். டெர்மினல் என்கிற கறுப்புக் கட்டத்தைத் திறக்கச் சொன்னார். அதைத் திறந்தாலே ஏதோ தப்புச் செய்த போலீஸ் ஸ்டேஷன் உணர்ச்சி எனக்கு. 'பிங்' என்று அடித்து ஒரு எண்ணை அடிக்கச் சொன்னார். பிங் என்பது ஒரு கூப்பாடு, அவ்வளவுதான். 'இருக்கியா?' என்று கூப்பிடுகிறோம். அந்தப் பக்கம் ஆள் இருந்தால் 'இருக்கேன்' என்று பதில் வரும்.

"இது உனக்க கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்க எண்ணு. நீ உன்னையே கூப்பிடுக. ஆள் உண்டா?"

பதில் வரிசையாக வந்தது. "உண்டு அக்கா." என்னை நானே கூப்பிட்டு எனக்கு நானே பதில் சொன்னதில் ஒரு சிறு ஆறுதல்கூட இருந்தது.

"செரி. இனி மோடத்தைக் கூப்பிடு. அதுதான் வீட்டு வாசல்."

வாசலும் பதில் சொன்னது.

"இனி வெளியூருல உள்ள ஒரு எண்ணு. அடி."

அதுவும் பதில் சொன்னது! நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். நெட் செத்துவிட்டது என்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன். அதுவோ எங்கோ கடல் தாண்டிப் போய் ஆளைத் தொட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறது.

"கண்டியா, எவ்வளவு தூரம் போகுதுன்னு? இனி எண்ணுக்குப் பதிலா ஒரு பேரைப் போட்டுக் கூப்பிடு."

பெயரைப் போட்டதும் அப்படி ஒரு பெயரே தெரியாது என்று பதில் வந்தது. அக்கா லேசாகச் சிரித்தார்.

"வழி எல்லாம் செரி. பேரைச் சொன்னா வழி காட்டுகதுக்கு ஒரு ஆள் உண்டும்லா, அவரைத்தான் காணல்ல. நீ எதையாவது மாத்தினியா?"

மாற்றியிருந்தேன். முந்தின நாள் யாரோ ஒருவர் வீடியோவில் 'இந்த எண்ணை மாற்றினால் நெட் பறக்கும்' என்றார். மாற்றும்போது ஒரு எண் இடம் மாறிவிட்டது. அதன்படி என் கம்ப்யூட்டர் உலகத்தின் எல்லா விலாசங்களையும், இல்லாத ஓர் ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணைத் திருத்தினேன். கண்ணீர் அஞ்சலி போய்ச் சேர்ந்தது.

அக்கா வாசல் நிலையில் நின்று திரும்பிப் பார்த்தார். "கொள்ளாமா?" என்றார்.

நன்றாக இருக்கிறதா என்று கேட்பதுதான் அது. அதைக் கேட்பதில் அவருக்கு வெட்கமே கிடையாது. தான் கெட்டிக்காரி என்பது அவருக்குத் தெரியும். அதை நாமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை படியேற மாட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "பரவாயில்ல" என்றேன். முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை என்னைக் காப்பாற்றினார், ஒவ்வொரு முறையும் "கொள்ளாமா?" என்று கேட்டார், ஒவ்வொரு முறையும் நான் "பரவாயில்ல" என்றேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

அவர் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். பாலிடெக்னிக் படித்துவிட்டு வளைகுடாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். திரும்பி வந்து நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் அதே வேலை. ஒரே மகன் சரக்குக் கப்பலில் போகிறவன். கணவரைப் பற்றி அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. பல்லியைக் கண்டால் மட்டும் பேடி, அப்படி ஒரு பயம். ஒருநாள் மோடத்தின்மேல் ஒரு பல்லி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோப்பில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அன்று மட்டும் நான் துப்பறிவாளனாகி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எங்க வரைக்கும் போகுதுன்னு பாப்போம் அக்கா" என்றேன். "சவத்தை விரட்டு, மக்கா!" என்று கத்தினார். என்னைச் சாதாரணமாகத் தம்பி என்பார். ஆத்திரம் வந்தால்தான் மக்கா.

கையை ஏன் பின்னால் கட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க ஆஸ்பத்திரில, ரொம்ப முடியாம கெடக்குகவங்களுக்க ரூமு உண்டு. ஆளைச் சுத்தி வயரா இருக்கும். ஒரு ஸ்கிரீன் வேல செய்யல்லன்னு என்னைக் கூப்பிடுவாங்க. நான் போய் நிக்க நேரம் கையில ஒரு அரிப்பு வரும். இதைப் பிடுங்கிப் பாப்போமா, அதைப் பிடுங்கிப் பாப்போமான்னு. ஒவ்வொரு வயருக்கும் அந்த முனையில ஒரு ஆள் உண்டு தம்பி. எது அவருக்க மூச்சுன்னு தெரியாம எப்படித் தொடுகது? அதான் போகும்போதே கையைக் கெட்டிட்டுப் போவேன். முதல்ல எது ஓடுகுன்னு பாப்பேன். ஓடுகதைத் தொடாண்டாம்."

சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார். எனக்கு அன்று மேஜைக்கடியில் இருந்த வயர்களைப் பார்க்கவே கொஞ்சம் பயமாக இருந்தது. ஃப்ரிட்ஜிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

இந்தக் கேள்வியை அவர் நெட்டுக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. ஒருமுறை எனக்கும் என் மனைவிக்கும் பெரிய சண்டை. காரணம் அவளுக்கு நினைவிருக்கும். படிக்கட்டில் அக்கா எதிர்ப்பட்டபோது என் முகத்தைப் பார்த்து என்ன என்றார்.

"அவ பேச மாட்டேங்கா அக்கா. ரெண்டு நாளாச்சு. இனி அவளுக்க வீட்டுக்குப் போயிருவான்னு தோணுகு. நான் போய் மாமனாரைப் பாத்துப் பேசட்டா? இல்ல, ஒரு சேலை..."

"நில்லு, நில்லு. எங்க வரைக்கும் பேசுகா?"

"பேசவே மாட்டேங்கான்னு சொல்லுகேன்."

"சோறு வைக்காளா?"

"வைக்கா."

"வைக்க நேரம் வாயத் திறக்காளா?"

யோசித்தேன். "'மோர் வேணுமா'ன்னு கேப்பா."

"அப்ப லைன் உண்டு. நீ மாமனாரும் வேண்டாம், சேலையும் வேண்டாம். ஒண்ணும் பிடுங்காம இரி. நாளைக்கு 'மோர் கொள்ளாம்'னு சொல்லு, போதும்."

சொன்னேன். "இன்னைக்குத்தான் நாக்குல ருசி தெரிஞ்சுதாக்கும்" என்று பதில் வந்தது. வசவுதான், ஆனாலும் முழு வாக்கியம்.

எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் லினக்ஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு எழுந்தது. எழுந்ததும் வை-ஃபை என்ற ஒன்றையே மறந்துவிட்டது. பட்டியலில் அப்படியொரு சாமான் இல்லை. நான் அதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடும் முடிவுக்கு வந்து, அழிப்பதற்கான பெட்டியைத் திறந்தும் வைத்திருந்தேன். இன்னும் ஒரு பொத்தான்தான் பாக்கி. அக்கா வந்து திரையைப் பார்த்து, "இது எனக்குத் தெரியாது" என்றார். 'சாயா குடிச்சாச்சு' என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். எனக்கு ஏதாவது தெரியாவிட்டால் நான் அன்றைக்கு முழுக்க சத்தம் போடுவேன்.

"தெரியாட்டா என்ன செய்யது அக்கா?"

"தெரிஞ்சது வரைக்கும் போகது. மோடத்துலருந்து நேரே ஒரு வயரைக் குத்திப் பாரு."

குத்தினேன். நெட் வந்தது. "அப்ப லைன் செரி, மோடம் செரி, கம்ப்யூட்டருக்க மத்த உறுப்பெல்லாம் செரி. வை-ஃபை மட்டும் மயங்கிக் கெடக்கு. நேத்து ஓடிச்சா?" ஓடியது. "அப்ப நேத்தைக்குப் போ." கம்ப்யூட்டர் எழும்போது முதலில் வருகிற பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். லினக்ஸின் உள்ளே இருந்து வண்டியை ஓட்டுகிறவன்தான் கெர்னல். புது ஆளை நிறுத்திவிட்டுப் பழைய ஆளை ஏற்றுவது. நேற்றைய கம்ப்யூட்டர் எழுந்து வந்தது, வை-ஃபையோடு.

"கொள்ளாமா?"

"பரவாயில்ல."

அன்றிரவு சாப்பிடும்போது மனைவி சொன்னாள், "அந்த அக்காவுக்கு ஒடம்புல ரத்தம் ஓடுதா, கரண்டு ஓடுதா? ஒண்ணுக்கும் பதறமாட்டாங்களா?" எனக்கும் அது உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. மெச்சுவேன், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று. இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒருவருக்கு நெஞ்சு எங்கே இருக்கும் என்று தோன்றும்.

அதற்குச் சில மாதம் கழித்து ஒருநாள், தெருக்கோவில் திருவிழா. சாயங்காலம் சாமி வாகனம் எங்கள் தெரு வழியாக வர வேண்டும். காலையிலிருந்தே ஒலிபெருக்கி. உச்சிவேளை கழிந்து அக்கா கீழே வந்தார். கை பின்னால் இருந்தது. குரல் எப்போதும்போல.

"தம்பி, உனக்க கம்ப்யூட்டர் கொஞ்சம் வேணும். மவனுக்க கப்பல்ல தீ பிடிச்சிருக்கு."

மனைவி கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்தாள்.

அக்கா சொன்னது இதுதான். இயந்திர அறையில் தீ. படகுகளில் இறங்கியவர்களை வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் இறங்கினார்களா என்று கப்பல் கம்பெனி எழுதிய மெயிலில் இல்லை. பெயர்களும் இல்லை. மீட்கப்பட்டவர்கள் இன்று மதியத்துக்குமேல் வீட்டாரோடு பேசுவார்கள் என்று ஒரு வீடியோ இணைப்பு மட்டும் இருந்தது. தொட்டிமேல் ஏறி நின்றும் அவர் செல்போனில் அது திறக்கவில்லை. மகன் வேலை செய்தது இயந்திர அறையில்.

நான் கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பினேன். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு உடம்பு முழுக்க வெப்ராளம். கை தானாக பிளக்கை நோக்கிப் போனது. "தம்பி" என்றார். நிறுத்தினேன். "எங்க வரைக்கும் போகுதுன்னு பாரு."

என்னைக் கூப்பிட்டேன், இருந்தேன். மோடத்தைக் கூப்பிட்டேன், இருந்தது. வெளியூர் எண்ணைக் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை.

"அப்ப வாசல் வரைக்கும் செரி. அடைப்பு வெளியில. கேபிள் எங்கோடி வருகுன்னு காட்டு."

கேபிள் கம்பெனி ஆளுக்குச் சொன்னால் நாளைக்கு வருவான். வெளியே ஓடினேன். அக்கா நடந்து வந்தார், அண்ணாந்து கேபிளையே பார்த்தபடி, எங்கள் சுவரிலிருந்து முருங்கை, முருங்கையிலிருந்து விளக்குக் கம்பம் என்று. பலசரக்குக் கடைக்கு எதிரே வந்ததும் நின்றார். அங்கே கேபிளைப் பழைய பாயை மடக்குவதுபோல இரண்டாக மடக்கி, தேங்காய்க் கயிற்றால் கம்பத்தோடு சேர்த்து வரிந்து கட்டியிருந்தது. கடைக்காரர் பெருமையோடு கீழே நின்றார்.

"யாரு அண்ணாச்சி இதைக் கெட்டினது?" என்றேன், குரல் கிழிந்து.

"நான்தான். வாகனத்துக்க குடை தட்டும்லா. அதான் மடக்கி நல்லா இறுக்கினேன். ஆனை வலிச்சாலும் அவுராது."

"உமக்கு வேற வேலை இல்லையா வே! கடையில இருக்க புளியக் கெட்டிவைக்கப்பிடாதா? ஒரு பிள்ளைக்க உசுரு..."

"என்னத்துக்கு இப்பம் சாடுகீரு? சாமி காரியம் வே!"

அக்கா இருவருக்கும் நடுவில் வந்தார். "அண்ணாச்சி, தூக்கிக் கெட்டினது நல்ல காரியம். இறுக்கினதுதான் கூடிப்போச்சு. அதுக்குள்ள ஓடுகது வெளிச்சமாக்கும். ஒடிச்சு மடக்கினா வெளிச்சம் திரும்பாது."

"அவுத்தா வாகனம் எப்படிப் போகும்?"

"அவுக்காண்டாம். மடக்காம வட்டமா விட்டு, சட்டி வாய் அகலத்துக்கு, இளக்கமாக் கெட்டுங்கோ. குடையும் தட்டாது."

ஒரு பெண்பிள்ளை, மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நேரத்தில், சாமியின் குடைக்கும் சேர்த்து யோசிக்கிறார். கடைக்காரர் ஏணி ஏறினார். கயிறு தளர்ந்தது, கேபிள் மெல்ல நிமிர்ந்து வட்டமானது. வீட்டுக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "சிவப்பு அணைஞ்சாச்சு! பச்சை வந்தாச்சு!"

இணைப்பைத் திறந்தோம். 'மறுமுனையில் உள்ளவர்கள் இன்னும் சேரவில்லை, காத்திருக்கவும்' என்று ஒரு வரி. அதன் கீழே ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா திரைக்கு முன்னால் நின்றார். நாற்காலியை நகர்த்திப் போட்டும் உட்காரவில்லை. சொன்ன நேரம் வந்தது. கடந்தது. பிறகும் கடந்தது. வட்டம் சுற்றியது.

"அக்கா, ஒருக்கா ரீஸ்டார்ட்..."

"கூப்பிட்டுப் பாரு."

கறுப்புக் கட்டத்தைத் திறந்தேன். என் கம்ப்யூட்டர் இருந்தது. மோடம் இருந்தது. வெளியூர் எண் இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்; பெயரும் இருந்தது.

"நம்ம பக்கம் செரி" என்றார் அக்கா. "இனி ஒண்ணும் செய்யாண்டாம்."

"ஒண்ணுமே செய்யாண்டாமா?"

"ஒண்ணுமே. இருக்கதுதான் வேல."

நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். அத்தனை காலமும் அந்தக் கைகளை நான் முன்னால் நின்றுதான் பார்த்திருக்கிறேன், அதாவது பார்த்ததே இல்லை. வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது என்றா சொன்னேன்? அது பிடி இல்லை. திமிறுகிற மாட்டின் கயிற்றைப் பிடிப்பதுபோல இருந்தது. நகங்கள் தோலுக்குள் போயிருந்தன. இடது கை விரல்கள் ரத்தமில்லாமல் வெளுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துடித்தன. அந்தக் கைகளுக்கு எல்லா வயரையும் பிடுங்க வேண்டியிருந்தது. மேஜையைக் கவிழ்க்க, சுவரை உடைத்துக்கொண்டு கடல்வரை ஓட வேண்டியிருந்தது. என் வெப்ராளமெல்லாம் சேர்த்தாலும் அதில் கால்வாசி வராது. மேலே தோளும் கழுத்தும் முகமும் அசையவில்லை. ஓடுகிற ஒரே வயரை ஓடவிட்டு அவர் நின்றார். பதறாதவர் என்று இவரையா நினைத்தோம்? அந்தக் கையை இத்தனை வருஷம் இவர் இப்படித்தான் கட்டிவைத்திருந்தாரா?

தெருக்கோடியில் மேளம் கேட்டது. என்னால் தாங்க முடியவில்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை அணைத்துப் போட்டால் என்ன? என் கை மேஜையோரமாக ஊர்ந்து பிளக்கைத் தொட்டது.

"மக்கா." அவர் திரும்பவில்லை. "தொடாண்டாம்."

கையை எடுத்தேன். வட்டம் நின்றது.

திரை சாம்பல் நிறமானது. முதலில் சத்தம் மட்டும் வந்தது, காற்றும் யார் யாரோ பேசுவதும். பிறகு ஒரு முகம். யாரோ ஒருவர். இன்னொரு முகம், அதுவும் வேறு யாரோ. மூன்றாவதாக ஒருவன் கம்பளியைப் போர்த்துக்கொண்டு நகர்ந்து வந்தான். மூக்கின்மேல் கரி.

"உம்மா."

என் மனைவி சத்தமாக அழுதுவிட்டாள். நானும் என்று அவள் பிறகு சொன்னாள். அக்கா அழவில்லை.

"கை ரெண்டையும் காட்டு" என்றார்.

அவன் காட்டினான். ஒன்றில் கட்டுப் போட்டிருந்தது.

"கெட்டுப்போட்ட கையில விரலை அனக்கு. எல்லா விரலையும்."

அசைத்தான்.

"இனி எழும்பி நில்லு."

"உம்மா, ஒண்ணும் இல்ல உம்மா..."

"நில்லு மக்கா. நட. அந்த வாசல் வரைக்கும் போய்ட்டு வா."

கப்பல் ஆட, கம்பளி தரையில் இழுபட, சுற்றி நின்றவர்கள் வழிவிட, அந்தப் பெரிய பையன் கதவுவரை நடந்துபோய்த் திரும்பி வந்தான். அக்கா கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மறுபடி உட்கார்ந்ததும், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். குரல் அங்கேதான் உடைந்தது. "சாப்பிட்டியா?"

அடுத்தவனின் வீட்டார் காத்திருந்ததால் சீக்கிரமே வைத்துவிட்டான். திரையில் மறுபடி அந்த வட்டம் வந்தது. அக்கா முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி சாயா கொண்டுவந்தாள். கிளாஸை வாங்கும்போது இடது மணிக்கட்டில் நாலு நகத்தடங்கள் சிவந்து தெரிந்தன. ஒரு தடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. அவர் "கொள்ளாமா?" என்று கேட்கவில்லை.

"கொள்ளாம் அக்கா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "நான் என்ன செய்தேன்? ஒண்ணும் செய்யல்லியே தம்பி."

அக்கா ஒரு மடக்குக் குடித்துவிட்டு மோடத்தைக் காட்டினார். "ரொம்ப நேரமாக் கை அரிச்சுதே உனக்கு. இனி வேணும்னா பிடுங்கிக்க."

அந்நேரம் மேளம் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. ஜன்னல் வழியே வாகனத்தின் குடை தெரிந்தது. வட்டமாகத் தொங்கிய கேபிளுக்குக் கீழே, தட்டாமல், அது மெல்லக் கடந்து போனது. பின்னாலேயே கடைக்காரரின் குரல். ஏணிமேல் நின்றபடி, கையில் கயிற்றோடு, வீட்டுக்குள் பார்த்துக் கேட்டார்.

"வே, வாகனம் போயாச்சுல்லா? இதை இனி அவுத்து நேராக்கி, நல்லா இறுக்கிக் கெட்டட்டா?"

நான் ஜன்னலுக்குப் பாய்ந்தேன். "அண்ணாச்சி, தொடாண்டாம்!"

என் கைகள் எங்கே இருந்தன என்று மனைவிதான் பார்த்தாளாம். பின்னால் இருந்தனவாம்.